பர்மா நடை: சொன்னவர்களும் சொல்லாதவர்களும்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ‘நடந்து வந்தவர் வீடு’ என்று பெயர். அப்பெயரை இட்டவர் இன்னாரென்று எவருக்கும் தெரியாது. எங்கிருந்து நடந்து வந்தார் என்று பழைய தலைமுறையில் யாரும் கேட்டதில்லை. நடை என்றால் அது பர்மாவிலிருந்து வந்த நடைதான். நம் கடற்கரை ஊர்களில் இத்தகைய வீடு ஒன்றேனும் இல்லாத ஊர் அரிது. அந்த வீட்டுக்குரியவர் என் தாய்வழிப் பாட்டனார். நாங்கள் ‘நன்னா’ என்றழைத்த அவர், இரங்கூனில் இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கெழுதி, பிறகு அக்கடையிலேயே சிறு பங்குக்காரராகவும் ஆனவர். 1979-இல் மவுத்தானார்.

இஷாத் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்தபின் அவர் அந்தக் கதையைச் சொல்வார். நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போமோ, கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கதை ஒரே இடத்தில்தான் தொடங்கும்: “புரோமிலே இறங்கினோம்.” இரங்கூனிலிருந்து புரோம் நகரம் வரை இரயிலில் வந்தது, அதற்கு முன்னால் கடையைப் பூட்டியது, குடியிருந்த வீட்டின் படியிறங்கியது, இவையெல்லாம் அக்கதையில் இல்லை. சிறுவர்களாயிருந்த எங்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கதை நடையைப் பற்றியது. நடை புரோமில் தொடங்கிற்று. எனவே கதையும் அங்கே தொடங்கிற்று என்று எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணம் எவ்வளவு பேதைமையானது என்பது நெடுநாள் கழித்தே விளங்கிற்று.

இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. 1942-இல் பர்மாவைவிட்டு வெளியேறிய இந்தியரின் நெடுநடை எவ்வாறு நினைவுகூரப்பட்டு வந்திருக்கிறது, அதை எழுதியவர் யாவர், எதை எழுதினர், எதை விட்டனர் என்பதை எடைபோட்டுப் பார்ப்பதே நம் நோக்கம். எனினும் அளவுகோல் ஒன்று வேண்டுமல்லவா? அந்தத் திண்ணைக் கதையை அளவுகோலாகக் கொள்கிறேன். அதுவும் எவ்வளவு வளைந்த கோல் என்பதைப் போகப்போகக் காண்போம்.

முதலில் நடந்ததைச் சுருங்கச் சொல்லிவிட வேண்டும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இரங்கூன் நகரத்தின் ஏறத்தாழ 4 இலட்சம் மக்களுள் பாதிக்கு மேல் இந்தியரே. தெலுங்கர், வங்காளியர், ஒரியர், செட்டிநாட்டு வணிகர், தஞ்சை இராமநாதபுரம் நெல்லைக் கரைகளிலிருந்து சென்ற நம்மவர் என எல்லாரும் அதில் அடங்குவர். நம்மவரை அங்கே ‘சோழியா’ என்றே அழைத்தனர். அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அங்கே உண்டு. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தவர்களே பெரிதும் மடிந்தனர். ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கிறிஸ்துமஸ் நாளன்று மீண்டும் குண்டுகள் விழுந்தன. துறைமுகத் தொழிலாளர் நகரைவிட்டு ஓடத் தலைப்பட்டனர். கப்பலில் வந்த சரக்கை இறக்க ஆளில்லாது போகவே, அரசு அவர்களை இணக்கித் திருப்பியழைத்தது. பலர் திரும்பியும் வந்தனர். பிப்ரவரியில் நகரத்தையே காலி செய்யும் ஆணை பிறந்தபோது, திரும்பி வந்த அதே ஏழைகள்தாம் வழியின்றி நின்றனர். மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது.

கப்பலில் இடம் கிடைத்தோர் கப்பலில் போயினர். மற்றையோர்க்குக் கால்களே துணை. ஒரு கூட்டம் புரோமிலிருந்து ஐராவதியைக் கடந்து, தாவுங்குப் கணவாய் வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, அரக்கான் கடற்கரையை அடைந்து, படகேறி அக்கியாபுக்கும் சிட்டகாங்கிற்கும் போயிற்று. மற்றொரு கூட்டம் மாந்தளைக்குச் சென்று, அங்கிருந்து கலேவா, தமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறியது. அதற்கும் பிந்தியவர்கள், மே மாதத்தில் மிச்சினா விமானத் தளமும் பறிபோனபின், ஹுகாவங் பள்ளத்தாக்கின் சேற்றிலும் அட்டையிலும் அழுந்தி, பாங்சாவ் கணவாயைத் தாண்டி, அஸ்ஸாமின் லேடோவை நோக்கிப் போனார்கள். போய்ச் சேர்ந்தவர் பாக்கியவான்கள். மணிப்பூர் வழியில் வெள்ளையர்க்கொரு பாதை, கறுப்பர்க்கொரு பாதை என்று பிரித்துவிட்டனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. காந்தியடிகளே அதைக் கண்டித்தெழுதினார். மொத்தத்தில் நான்கு முதல் ஐந்து இலட்சம் இந்தியர் வெளியேறினர் என்பது மதிப்பீடு. வழியில் மாண்டவர் 10,000 என்பாரும் உளர். 50,000 என்பாரும் உளர். அதற்கு மேலும் சொல்வாருண்டு. மாண்டவர் தொகையில் இத்துணை இடைவெளி ஏன்? எண்ணுவதற்கு அங்கே எவரும் நிற்கவில்லை என்பதே விடை.

இனி நினைவுகளுக்கு வருவோம்.

பர்மாவிலிருந்து பின்வாங்கிய படையின் நினைவுக்கு ஒரு பெரிய நூல் வாய்த்தது. படைத்தலைவர் வில்லியம் ஸ்லிம் 1956-இல் வெளியிட்ட ‘தோல்வியிலிருந்து வெற்றிக்கு’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் அது. தன் தவறுகளைத் தானே ஒப்புக்கொள்ளும் படைத்தலைவர்கள் உலகில் மிகச் சிலர். ஸ்லிம் அவர்களுள் ஒருவர். அதனால்தான் அந்நூலை இன்றும் வெறுப்பின்றிப் படிக்க முடிகிறது. கந்தலும் நோயுமாக இந்திய எல்லைக்குள் நுழைந்த தம் வீரர்கள் கையில் ஆயுதத்தோடுதான் வந்தார்கள் என்று அவர் எழுதும் இடம், படிப்பவர் நெஞ்சைத் தொடும். வழியோரத்து இந்திய அகதிகளையும் அவர் காணாமல் விடவில்லை. ஆனால் அந்த அகதிகள் அவர் கண்ணில் படுவது பாதையின் ஓரத்தில். நடுவில் நகர்வது படை. அது இயல்பே; படைத்தலைவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது?

நாம் கவனிக்க வேண்டியது அந்நூலின் தலைப்பை. தோல்வி அங்கே ஒரு பயணத்தின் முதற்பாதி. 1942-இல் பின்வாங்கிய படை மீண்டும் முன்னேறியது; 1945-இல் இரங்கூனும் மீட்கப்பட்டது. இரண்டாம் பாதி கிடைத்துவிட்டதால் முதற்பாதியின் அவமானம் கழுவப்பட்டுவிட்டது. ‘பர்மா ஸ்டார்’ என்ற பதக்கம் 1941 டிசம்பர் 11 முதல் பணியாற்றியவர்க்குரியது. எனவே பின்வாங்கியவனுக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒன்று உண்டு. பதக்கம் என்பது வெறும் உலோகமன்று. ‘நீ கண்டது வரலாறு, அதைச் சொல்லலாம்’ என்று அரசு தரும் அனுமதிச் சீட்டும் அதுவே. எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். தேநீர்க் கடையில் அவர் பர்மாக் கதை சொல்லத் தொடங்கினால் கடைக்காரர் விளக்கணைக்கும் வரை ஓயமாட்டார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் 1944-க்குப் பிந்தியது, முன்னேறிய கதை. 1942-ஐக் கேட்டால், “அது ஓட்டம், அதிலே சொல்ல என்ன இருக்கு?” என்று கையை வீசிவிடுவார். நன்னாவும் அவரும் ஒரே சாலையில் ஒரே மாதத்தில் வந்திருக்கக் கூடும். அவர்கள் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசி நான் கேட்டதேயில்லை.

நடந்து வந்த வணிகனுக்கும் கூலிக்கும் பதக்கமில்லை. இரண்டாம் பாதி இருந்ததா என்றால், இருந்தது. போர் முடிந்ததும் நம்மவர் பலர் மீண்டும் கப்பலேறிப் போய், பூட்டிய கடையைத் திறந்தனர். ஆனால் அந்த இரண்டாம் பாதி 1964-இல் முடிந்த விதத்தை நாடறியும். நெவின் ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கி, பெரிய நோட்டுகளைச் செல்லாதவையாக்கி, கைப்பொருளின்றிக் கப்பலேற்றி அனுப்பிற்று. சென்னையில் ‘பர்மா பஜார்’ தோன்றியது அதன் விளைவு. படைவீரனின் கதை தோல்வியில் தொடங்கி வெற்றியில் முடிகிறது. நம்மவர் கதையோ தோல்வியில் தொடங்கி, சற்றே தலையெடுத்து, மேலும் பெரியதொரு தோல்வியில் முடிகிறது. இத்தகைய கதையைச் சொல்ல எந்த மொழியிலும் ஆயத்தமான அச்சு கிடையாது.

இதன் விளைவொன்றை நம் வீடுகளிலேயே காணலாம். இன்று ‘எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது’ என்று தொடங்குவோரிடம் எந்த ஆண்டில் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் தடுமாறுவர். குண்டுக்குப் பயந்து நடந்தவரும், சுங்கச் சாவடியில் காதணியைக் கழற்றிக் கொடுத்தவரும் ஒரே ஆளாகிவிடுவர். காட்டுவழி நடந்தவர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்குவார்! இதைச் சொல்லி நகைப்பதற்கில்லை. இருமுறை பிடுங்கப்பட்ட செடிக்கு எந்தக் காயம் எப்போது பட்டதென்று எப்படித் தெரியும்? ஆயினும் திறனாய்வாளன் இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். 1942-இல் துரத்தியது போர். 1964-இல் துரத்தியது அரசின் ஆணை. முன்னதில் செத்தவர் ஆயிரக்கணக்கானோர். பின்னதில் செத்தது பெரும்பாலும் வாழ்க்கை வழி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் வழியில் செத்தவர்கள் இரண்டாம் முறையும் சாகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பொதுமக்கள் மனத்தில் இந்நடையின் உருவம் ஒன்று பதிந்திருக்குமானால், அது 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’ படத்தால் பதிந்தது. இரங்கூனில் வாழும் மூன்று சகோதரர். கப்பலில் ஒரே சீட்டு. தம்பி குணசேகரன் கப்பலில் போகிறான். மற்றவர்கள் குண்டுமழைக்கிடையே கால்நடையாகப் புறப்படுகின்றனர். ஞானசேகரன் காலை இழக்கிறான். கப்பலில் போனவனும் காலத்தில் ஊர் சேர்வதில்லை. படம் இந்த நடையைக் கதைமுடிச்சாக மட்டுமே கொள்கிறது என்பது உண்மை. குடும்பத்தைப் பிரிக்க ஒரு பேரிடர் தேவை; பர்மா கிடைத்தது. சில நிமிடங்களில் நடை முடிந்துவிடுகிறது. மாண்டவர் பற்றி, பாதையின் நீளம் பற்றி, எந்தச் செய்தியும் இல்லை. கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடல் பாயத் துடிப்பது தாயகத்தின் அநீதிகள் மீது. அது பர்மாக் காட்டில் ஏன் தங்கப் போகிறது?

இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. அப்படத்தில் ஒன்றை நான் மறுமுறை பார்த்தபோதுதான் உணர்ந்தேன். காலிழந்த ஞானசேகரன் பிச்சைக்காரனாகத் திரும்பி, பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் வைக்கிறான். அக்காலத்தில் கொட்டகை முழுவதும் சிரித்திருக்கும். ஆனால் பர்மாவில் கடைவைத்திருந்தவன் சொந்த மண்ணில் ஏந்திய கையோடு நிற்பது, 1942-இல் நம் ஊர்கள் பல கண்ட மெய்ம்மை. பணம் அனுப்பிக்கொண்டிருந்தவன் வெறுங்கையோடு வந்து நின்றபோது அவனை வரவேற்ற முகங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தனவா? நம் குடும்ப நினைவுகள் ஒருபோதும் வாய்திறவாத இந்த இடத்தில், அந்தப் படம் சிரிப்பின் மறைவில் வாய் திறக்கிறது. மற்ற குறைகளை அதற்காக மன்னிக்கலாம்.

தமிழில் நடந்தவரே எழுதிய நூல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயண நூல். இரங்கூனில் 1937 முதல் ‘ஜோதி’ இதழை நடத்திய அறிஞர் அவர். தம் துணைவியாரோடு நடந்து வந்தவர். பிளாட்டோவையும் மார்க்ஸையும் தமிழர்க்கு அறிமுகஞ்செய்த அதே நிதானமான நடைதான் இதிலும். புலம்பல் கிடையாது, தன்னைப் பெரிதுபடுத்திக்கொள்ளும் வாடையே கிடையாது. இத்தகைய நூலொன்று தமிழுக்கு இருப்பது நம் நற்பேறு. ஆயினும் ஒரு மனக்குறை உண்டு. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் காட்டிலும் எழுத்தாளராகவே நடக்கிறார். துன்பம் அவரிடம் வந்தவுடனே வாக்கியமாகிவிடுகிறது. நன்னாவின் கதையில் சில இடங்களில் வாக்கியம் அறுந்துபோகும். “அப்புறம்...” என்பார், வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார், மூடுவார், பிறகு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்த அறுந்த இடங்களை அச்சில் எப்படிக் கொண்டுவருவது? சர்மா போன்ற தேர்ந்த கைகளுக்கே அது அகப்படவில்லை என்றால், அது அவர் குற்றமன்று; உரைநடையின் எல்லை எனலாம்.

வரலாற்றாசிரியர்களின் கண் இதன்மீது படவே நெடுங்காலமாயிற்று. ஹியூ டிங்கர் 1975-இல் எழுதிய கட்டுரைதான் இதைத் தனிப்பொருளாக எடுத்து ஆய்ந்தது. அதன் தலைப்பிலேயே ‘மறக்கப்பட்ட நெடுநடை’ என்ற சொற்கள் உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் மறந்தது என்று ஒரு கேள்வி கேட்கலாம். எங்கள் திண்ணை மறக்கவில்லை. ஆவணக் காப்பகம் மறந்திருந்தது, அவ்வளவே. கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் வெள்ளையர் குடும்பங்கள் பாதுகாத்துக் கொடுத்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஏராளம். கைல்ஸ் மெக்ரெல் என்ற தேயிலைத் தொழிலதிபர் யானைகளைக் கொண்டு பெருகியோடிய தாபா ஆற்றைக் கடந்து ஏறத்தாழ 200 பேரைக் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டவர்களுள் இந்தியச் சிப்பாய்களே பலர். அவர் எடுத்த படச்சுருள் கேம்பிரிட்ஜ் காப்பகத்தில் இருப்பதால் அந்த யானைகளின் முகத்தைக்கூட இன்று நாம் பார்க்கலாம். மெக்ரெல் செய்தது மாபெரும் தொண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றைக் கடந்த சிப்பாய் ஒருவனேனும் தன் வாயால் சொன்ன விவரம் நமக்கு எங்கே கிடைக்கிறது?

புனைகதைகளில் இரண்டைப் பற்றி மட்டும் பேசலாம். அமிதவ் கோஷின் ‘கண்ணாடி மாளிகை’ 2000-இல் வந்தது. மூன்று தலைமுறையைச் சுமக்கும் அந்தப் பெருநாவலில் நடை ஒரு பகுதிதான். கோடீசுவரனாயிருந்த ராஜ்குமார், மனைவி டாலி, மருமகள் மஞ்சு, கைக்குழந்தை ஆகியோர் நடக்கின்றனர். மஞ்சு ஆற்றோடு போகிறாள். கோஷ் உழைப்பாளி, படித்ததையும் கேட்டதையும் சோர்வின்றிச் சேர்த்திருக்கிறார். ஆனால் அவர் கண்கள் ராஜ்குமார் எனும் பெரிய மனிதனின் வீழ்ச்சியிலேயே தங்கிவிடுகின்றன. பெரியவன் விழுந்தால்தான் வீழ்ச்சி தெரியும் என்பது நாவலாசிரியரின் கணக்குப் போலும்.

மற்றொன்று, தேவேந்திரநாத் ஆசார்யா அஸ்ஸாமிய மொழியில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1982-இல் வெளிவந்து, சாகித்திய அகாதெமி பரிசும் பெற்ற ‘ஜங்கம்’. கோஷின் நாவலுக்கு ஏறத்தாழ இருபதாண்டு முந்தியது. ஆங்கிலத்தில் 2018-இல்தான் வந்தது. அதில் நடப்பவர்கள் நகரத்து வணிகர் அல்லர். பர்மா கிராமத்தில் மண்ணை உழுது வாழ்ந்த ஏழை இந்தியர். இழக்க மாளிகை இல்லாதவரும் இழக்கின்றனர் என்பதை அந்நாவல் காட்டுகிறது. என் மதிப்பில் இரண்டில் இதுவே மேலானது. அஸ்ஸாமியர் ஒருவருக்கு இது ஏன் தோன்றிற்று என்று எண்ணிப் பார்த்தேன். பாதை முடிந்தது அவர்கள் வாசலில் அல்லவா? எலும்பும் தோலுமாக மலையிறங்கி வந்தவர்களைக் கண்டவர்கள் அவர்கள். நடந்தவன் சொல்ல மறுத்ததை வரவேற்றவன் சொல்லியிருக்கிறான். தமிழ்நாட்டிலோ, வந்தவன் இரயிலிலிருந்து இறங்கும்போது முடிவெட்டி, கடன் வாங்கிய சட்டை போட்டிருந்தான்.

இனித் திண்ணைக்குத் திரும்ப வேண்டும்; சற்று முன் சொன்ன வளைந்த கோலைச் சோதிக்க வேண்டுமே.

குடும்ப நினைவு எங்கே நம்பத் தக்கது? பலரிடம் கேட்டறிந்ததிலிருந்து ஒன்று சொல்வேன்: சிறிய பொருள்களில் அது தவறுவதில்லை; பெரிய தொகைகளில் தவறாமல் தவறும். எத்தனை நாள் நடந்தார் என்பது நன்னாவின் வாயில் ஆண்டுதோறும் வளர்ந்தது. இருபத்தைந்து நாள் நாற்பதாயிற்று. நான் மணமாகும் வயதை எட்டியபோது உறவினர் வாயில் அது மூன்று மாதமாகிவிட்டது. ஆனால் ஒரு குவளைத் தண்ணீருக்கு எதைக் கொடுத்தார், எந்தச் செருப்பு எந்த ஊரில் அறுந்தது, உடன் வந்த தெலுங்கர் ஒருவர் எந்தக் கயிற்றால் அரிசி மூட்டையைக் கட்டியிருந்தார் என்பவை இறுதிவரை மாறவில்லை. தாவுங்குப் வழியில் அது கோடைக்காலம், தண்ணீர் இல்லை, இருந்த இடத்தில் காலரா இருந்தது. ஒளூச் செய்ய நீரின்றித் தயம்மும் செய்து தொழுததை அவர் சொல்லும்போது, இரண்டு உள்ளங்கைகளையும் திண்ணைத் தரையில் தட்டிக் காட்டுவார். வேறெதையும் அவர் அப்படி நடித்துக் காட்டியதில்லை.

எங்கே அது மழுங்குகிறது? மையித்துகளில். அவரோடு புறப்பட்ட நம்மவர் பதினொருவர். ஊர் சேர்ந்தவர் எழுவர். அந்த நால்வரைப் பற்றிக் கேட்டால், “வழியிலே மவுத்தாகிப் போனாங்க” என்ற ஒரே வாக்கியம்தான். குளிப்பாட்ட நீரில்லை, கபனிடத் துணியில்லை, குழிதோண்டக் கருவியில்லை, நின்று ஜனாஸாத் தொழவும் நேரமில்லை. பின்னால் வருவோர் தள்ளிக்கொண்டே இருப்பர். மார்க்கத்தில் இயலாதவனுக்குக் குற்றமில்லை என்பதை அவர் அறியாதவரல்லர். ஆலிம்களிடமும் கேட்டுத் தெளிந்திருக்கிறார். தெளிந்தபின்னும் வாய் திறக்கவில்லை. மாண்டவர் தொகையில் பத்தாயிரத்துக்கும் ஐம்பதினாயிரத்துக்கும் இடையே கிடக்கும் அந்தப் பெரிய பள்ளம் இத்தகைய ஒற்றை வாக்கியங்களால் ஆனது என்றே நான் கருதுகிறேன். அந்த நால்வரின் வீடுகளில் ஆண்டுதோறும் யாசீன் ஓதிவந்தனர். ஆனால் எந்த நாளில் ஓதுவது என்பதே அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஒரு வீட்டில் ரஜபிலும் மற்றொரு வீட்டில் ஷஅபானிலும் ஓதினர்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று பலநாள் தயங்கினேன். நம் குடும்பங்கள் படிக்கும் இதழ் இது. எனினும் திறனாய்வு என்று தலைப்பிட்டபின் கண்ணை மூடிக்கொள்வது முறையன்று.

பர்மா சென்ற நம்மவரில் மிகப் பெரும்பாலோர் தனியாகச் சென்றவர். ஊரில் மனைவி மக்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்வு. பலர் அங்கே பர்மியப் பெண்களை நிக்காஹ் செய்துகொண்டனர். அது ஒளிவாக நடந்ததன்று; பள்ளிவாசலில் சாட்சிகளோடு நடந்ததே. அவ்வாறு பிறந்த மக்களுக்கு ‘ஸேர்பாதி’ என்ற பெயரே அங்கு வழங்கிற்று; அது ஒரு சமூகமாகவே வளர்ந்தது. 1942-இல் நடந்தவர்களுள் எத்தனை பேர் அந்தக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு நடந்தனர்? ஒருசிலர் அழைத்துவந்தனர். மற்றவர்? பர்மியப் பெண்ணுக்குத் தன் ஊரில் ஆபத்தில்லை என்று எண்ணியிருக்கலாம். குழந்தை காட்டில் பிழைக்காது என்று அஞ்சியிருக்கலாம். இரண்டும் நியாயமான எண்ணங்களே. ஆயின் நம் பர்மாக் கதைகள் எல்லாமே ஏன் புரோமிலோ மாந்தளையிலோ தொடங்குகின்றன, ஒரு வீட்டு வாசலில் ஏன் தொடங்குவதில்லை என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் விடை இதுதான். சர்மா துணைவியோடு நடந்தார். அதனால் அவரால் நூல் எழுத முடிந்தது. எழுத்தாற்றல் மட்டும் காரணமன்று என்பது என் துணிபு. நம் வணிகர்களுள் எழுத வல்லவர் இல்லாமலில்லை. கணக்கேடு எழுதினர், கடிதம் எழுதினர், சிலர் பாட்டும் கட்டினர். முதல் பக்கத்தை எழுத முடியாதவன் நூலை எப்படி எழுதுவான்?

‘குடும்பங்களின் நினைவு’ என்று நாம் சொல்லும்போது ஒரு குடும்பத்தையே எண்ணுகிறோம். அங்கேயும் ஒரு குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது. இரங்கூனில், மோல்மேனில், போன தகப்பன் வருவானென்று வளர்ந்த பிள்ளைகளின் நினைவில் இந்த நடை எப்படியிருந்திருக்கும்? நமக்கு அது வீரம். அவர்களுக்கு அது ஒரு முதுகு. அந்தப் பிள்ளைகள் பர்மிய மொழியில் எழுதியவை இருந்தால் தமிழில் வரவேண்டும். நடந்தவர் கதையைச் சரிபார்க்க அதைவிடச் சிறந்த பிரதி வேறு கிடைக்காது.

1942-இல் ஐந்து வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. கேட்பதானால் இனி ஒத்திப்போட நாளில்லை. எங்கள் குடும்பத்தில் கேட்கும் முயற்சியொன்று முன்பே நடந்தது. நன்னா போய் நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1983-இல், வளைகுடாவிலிருந்து வந்த என் மாமா கொண்டுவந்த ஒலிப்பதிவுக் கருவியில் நன்னியின் பேச்சைப் பதிந்தோம். அறுபது நிமிட நாடா. கேள்வி கேட்டவன் நான், இளமையின் துடுக்கு. அவர் பேசியது பெரும்பாலும் காத்திருந்ததைப் பற்றியே. ஆறு மாதம் கடிதமில்லை. கல்கத்தாவிலிருந்து தந்தி வந்தபோது அதை வாங்கப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. வந்தவரின் உள்ளங்காலில் தோல் என்பதே இல்லாதிருந்தது. விளக்கெண்ணெய் தடவித் துணிசுற்றியது. முதல் மூன்று வாரம் அவர் கட்டிலில் படுக்க மறுத்துத் தரையிலேயே படுத்தது. இவை எதுவும் நன்னாவின் கதையில் இல்லை. நடையின் முடிவு அவர் காலில் எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தவர் அந்த அம்மையார்தாம்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். உறக்கத்தில் அவர் பர்மாப் பேச்சுப் பேசுவார் என்றார். பல ஆண்டு அப்படி நடந்ததாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். அடுத்த தெருவில் பர்மாவிலிருந்து வந்த பெண்ணொருத்தி இருந்தாள். அவளிடம் போய் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டுவந்ததாகவும் சொன்னார்.

“என்ன நன்னி அந்தச் சொல்?” என்று நான் கேட்பது நாடாவில் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

“அது எனக்குத் தெரியும் அத்தா. ஒனக்கு எதுக்கு அது?” என்கிறார் அவர். பிறகு, பால் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்.